பன்னிரண்டாம் எண் சட்டை

சலவைக் கடைக்காரர்களுக்குச் சேறு ஜென்ம விரோதி. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான், ஒரே ஒரு சட்டையில் கொஞ்சம் சேறு படாதா, ஒரு சொட்டாவது படாதா என்று பல மாதங்கள் ஏங்கிக் கிடந்தேன். சிரிக்காதீர்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அறுபதுகளின் தொடக்கம் அது.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் எங்கள் கடை. முன்னால் இஸ்திரி மேசை, பின்னால் தொட்டியும் கொடிக்கயிறும், மாடியில் வீடு. பக்கத்து வட்டாரக் கால்பந்துக் குழுவின் சட்டைகள் எங்களிடம்தான் வெளுப்புக்கு வரும். பச்சைச் சட்டை, முதுகில் வெள்ளைத் துணியில் வெட்டித் தைத்த எண். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்று முதல் பதினொன்று வரை ஒரே மூட்டையாக, சேறும் வியர்வையுமாக வந்து விழும். பன்னிரண்டு மட்டும் மூட்டையில் வராது. அதை உடுத்தியவரே கையில் எடுத்துக்கொண்டு வருவார். வெள்ளிக்கிழமை மாலையில் அவரே வந்து வாங்கிப் போவார். ஆட்டப் பெட்டியில் பதினொரு சட்டைக்குத்தான் இடம், மாற்று ஆள் தன் சட்டையைத் தானே சுமக்க வேண்டும் என்பது அந்தக் குழுவின் வழக்கம்.

அந்தக் காலத்தில் ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்றுவது கிடையாது. பதினொரு பேர் இறங்கினால் அந்தப் பதினொரு பேர்தான். ஒருவனுக்குக் கால் முறிந்தால் மீதிப் பத்துப் பேர் ஆடிவிட்டு வர வேண்டியதுதான். பிறகு பன்னிரண்டாவது ஆள் எதற்கு? கடைசி நேரத்தில் யாராவது வராமல் போனால் அந்த இடத்தை நிரப்ப. எல்லோரும் வந்துவிட்டால் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, போட்ட சட்டையோடு திரும்பி வர வேண்டும். எங்கள் பன்னிரண்டாம் எண்காரர் வாரம் தவறாமல் அப்படித்தான் திரும்பி வந்தார்.

அவரை மலாயாவிலுள்ள கிள்ளானிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். இடது ஓரத்தில் ஆடுபவர். குழுத் தலைவரின் கிடங்கில் ஒரு வேலையும் அடுத்த தெருவில் தங்க ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள். வந்த வாரமே ஃபேரர் பார்க் திடலில் ஒரு சிநேக ஆட்டம். அதில் அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எங்கள் சந்து முழுக்க அதையே பேசினார்கள். நான் பார்க்கவில்லை. பெண்கள் திடலுக்குப் போகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எதிரே இருந்த சரபத் கடையிலிருந்து காற்றில் வந்ததுதான்.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த பாய் ஒருவர் அங்கே தேநீர் ஆற்றுவார். அவருடைய நிரந்தர வாடிக்கையாளர்கள் இருவர். ஒருவர் முனிசிபல் அலுவலகத்தில் குமாஸ்தா, கிராணி என்றுதான் சொல்வோம்; குழுவின் கமிட்டியிலும் இருந்ததால் தனக்கு எல்லாம் தெரியும் என்ற முகம். இன்னொருவர் பஸ் கண்டக்டர். எதுவுமே தெரியாவிட்டாலும் குரல் மட்டும் நாலு பஸ்ஸுக்குக் கேட்கும். லீக் ஆட்டங்கள் தொடங்கி மூன்று வாரம் போன பிறகும் புதியவர் பெஞ்சிலேயே இருக்கவே, சாயங்காலம் ஆனால் போதும், மூன்று பேரும் பிடித்துக்கொள்வார்கள்.

"எதுக்குய்யா கூட்டிட்டு வந்தீங்க? பெஞ்சைத் துடைக்கவா?" என்பார் கண்டக்டர்.

"பொறுமையா இருலா. பழைய ஆளு பத்து வருஷமா ஆடறான். நேத்து வந்தவனுக்காக அவன வெளிய தள்ள முடியுமா?" என்பார் கிராணி.

"பத்து வருஷமா ஆடறானா? பத்து வருஷமா நடக்கறான்னு சொல்லு! போன சனிக்கிழமை பந்து போயிடுச்சு, ரெண்டு நிமிஷம் கழிச்சு இவன் போறான்."

பாய் தேநீரைத் தலைக்கு மேல் தூக்கி ஆற்றிக்கொண்டே சொல்வார், "நல்ல திருக்கை மீனா பாத்து வாங்கிட்டு வந்து, கூடையிலேயே வச்சு மூடிட்டீங்களே வாப்பா. நாலு நாள்ல என்னா ஆகும் தெரியும்ல?"

"அந்தப் பழைய ஆளு கமிட்டிக்காரர் மச்சான். அதான் விஷயம்," என்று கண்டக்டர் குரலைத் தாழ்த்துவார். அவர் தாழ்த்திய குரலும் எங்கள் கொடிக்கயிறு வரை வரும்.

நான் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பேன். அந்த மச்சானை நான் முகம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அவர் போடும் பதினொன்றாம் எண் சட்டையை எனக்குத் தெரியும். கழுத்துப் பட்டையில் எப்போதும் வாசனைத் தைலம் நாறும். கையால் தொடவே பிடிக்காது. அடித்துத் துவைக்கும்போது அதற்கு மட்டும் இரண்டு அடி கூடுதலாகவே விழும்.

பன்னிரண்டாம் எண்காரர் முதல் முறை வந்தபோது அப்பா கடையில் இல்லை. மேசையின் அந்தப் பக்கம் நின்று, சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இத வெளுக்கணுமாங்க? அழுக்கே ஆகல," என்றார். கூச்சத்தோடு ஒரு சிரிப்பு. முதுகில் உட்கார்ந்த சுருக்கம் மட்டும் இருந்தது.

"குடுத்துட்டுப் போங்க. வெளுக்கறது எங்க வேல," என்றேன். அவ்வளவு வெடுக்கென்று சொல்லியிருக்க வேண்டாம். என் வாய் அப்படி.

அடுத்த வெள்ளிக்கிழமை வாங்கிக்கொண்டபோது, "கொஞ்சம் சின்னதா மடிச்சுக் குடுக்க முடியுமா? பையில வைக்கணும்," என்று கேட்டார். அப்பா மற்ற பதினொன்றையும் எண் மேலே தெரியும்படி அகலமாக மடிப்பார். நான் இதை மட்டும் கைகளை உள்ளே தள்ளி, நீளத்தில் ஒன்று, குறுக்கே ஒன்று என்று நாலாக மடித்து, மடிப்பின் மேல் பெட்டியை அழுத்தித் தேய்த்துக் கொடுத்தேன். விரித்தால் நெஞ்சில் கூட்டல் குறி போட்டதுபோலக் கோடு விழுந்திருக்கும். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். சலவைக்காரர் வீட்டில் துணியை இரண்டு கையால் வாங்குகிறவர்கள் கிடையாது. ஒரு விரலில் மாட்டிக்கொண்டு போவார்கள்.

போயிற்று. அன்றோடு என் நிம்மதி போயிற்று.

அதன் பிறகு வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும்தான் என் வாரத்தில் நாட்கள். மற்ற ஐந்தும் வெறும் துணி. அவர் வந்தால் என்ன பேசிவிடப்போகிறோம்? "மழை வரும் போலருக்கு" என்பார். "ஆமா" என்பேன். ஒருமுறை, "கஞ்சி கொஞ்சம் கம்மியா போடுறீங்களா? கழுத்துல குத்துது," என்றார். அடுத்த வாரம் கஞ்சியே போடவில்லை. அதற்கும் அடுத்த வாரம், "இப்ப நல்லா இருக்கு," என்றார். அந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினேன் என்றால் இப்போதுள்ள பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அட, எனக்கே நம்ப முடியவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தச் சட்டை அழுக்கில்லாமல் மேசைக்கு வரும்போது அவர் முகம் ஒரு சுற்றுச் சிறுத்திருக்கும். "அழுக்கே ஆகல" என்று அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். வைத்துவிட்டுப் போய்விடுவார். நான் அதையும் மற்றவற்றோடு போட்டுத் துவைப்பேன். சுத்தமான துணிக்கு எதற்கு சோப்பு என்று அப்பா ஒருநாள் கேட்டார். வியர்த்திருக்கிறது என்று பொய் சொன்னேன்.

பருவம் முடியப்போகிற நேரம். சரபத் கடையில் ஒரு சாயங்காலம் கண்டக்டர் சொன்னது என் காதில் ஊசி மாதிரி இறங்கியது.

"கடைசி மேட்ச்தான் பாக்கி. அதுலயும் எறக்கலைன்னா பயல ஊருக்கு அனுப்பிடுவாங்க பாரு. ஆடாதவனுக்கு எதுக்கு வேல, எதுக்கு ரூம்?"

கிராணி வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். "கமிட்டி விஷயம் கடையில பேசக் கூடாது," என்றார். எப்போதும் பேசுகிறவர் அன்றைக்குப் பார்த்துப் பேசவில்லை. பேசியிருக்கலாம். கடவுளே, அந்த மனிதர் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

அவர் ஊருக்குப் போய்விடுவார். எனக்கு அது ஒன்றுதான் கேட்டது. ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டால் போதும், பார்த்தவர்கள் விடமாட்டார்கள், இங்கேயே இருப்பார், வெள்ளிக்கிழமை வருவார், ஞாயிற்றுக்கிழமை வருவார். அதற்கு மேல் என்ன நினைத்தேன் என்று கேட்காதீர்கள். டோபி வீட்டுப் பெண் அதற்கு மேல் நினைத்ததைச் சொல்ல எனக்கு இந்த வயதிலும் வெட்கமாக இருக்கிறது.

வழி என் மேசை மேலேயே கிடந்தது. எனக்கு மனிதர்கள் எண்ணாகத்தான் பழக்கம். பதினொன்று என்றால் இடது ஓரம். பதினொன்று இல்லையென்றால் பன்னிரண்டுதானே இறங்க வேண்டும்? ஒரு ஆட்டமாவது கண்ணால் பார்த்திருந்தால் இப்படி ஒரு கணக்குப் போட்டிருப்பேனா? துணியை மட்டும் பார்த்து வளர்ந்தவளுக்குத் துணிதான் ஆள்.

வெள்ளிக்கிழமை மாலை அவர் வந்து தன் சட்டையை வாங்கிப் போனார். "கடைசி மேட்சுங்க," என்றார். "நல்லபடியா ஆடுங்க," என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் விளையாட்டாகச் சொல்கிறேனா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை, ஆட்டப் பெட்டி கட்டும் முன்பு, அப்பா பின்புறம் கொடியில் துணி எடுக்கப் போனார். நான் பதினொன்றை விரித்தேன். இஸ்திரிப் பெட்டியை அந்த எண்ணின் மேல் வைத்தேன். கையை எடுக்கவில்லை. முதலில் ஈரம் காய்கிற வாசனை, பிறகு வேறு வாசனை. முப்பதுவரை எண்ணினேன். தூக்கியபோது பதினொன்றின் இரண்டு ஒன்றும் போய், அந்த இடத்தில் பெட்டியின் வடிவத்தில் ஓட்டை.

அப்பா ஓடி வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "ஏன்டி, கண்ணு எங்க இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். அவர் கடையில் அதுவரை ஒரு துணி கருகியது கிடையாது. அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பத்துச் சட்டையைப் பெட்டியில் வைத்து, கருகியதை மேலே போட்டு, தானே சுமந்துகொண்டு குழுவின் அறைக்குப் போனார். திரும்பி வந்து முகத்தைக் கழுவிக்கொண்டார்.

"என்ன சொன்னாங்கப்பா?"

"கைகூப்பிக்கிட்டு நின்னேன். 'விடுங்க, பாத்துக்கலாம்'னுட்டாங்க."

பார்த்துக்கொள்ளலாம்! அப்படியென்றால் பன்னிரண்டுதானே! அப்பாவின் தொங்கிய தலையைப் பார்த்தும் எனக்குள்ளே கொண்டாட்டம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மத்தியானம் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. ஆட்டம் ஜாலான் புசார் ஸ்டேடியத்தில். எங்கள் பின்புறத்தில் நின்றால் கூட்டத்தின் சத்தம் கேட்கும். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். சத்தம் எழுந்து அடங்கும்போதெல்லாம் அவர் ஓடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு முறை பெரிய ஆரவாரம். கோல். அது அவர் போட்டதுதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கொடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலை மூட்டை வந்தது. அவர் வரவில்லை. அவிழ்த்தேன். மூட்டைக்குள்ளே, மற்ற பத்தோடு பதினொன்றாக, பன்னிரண்டு.

சேறு! முன்பக்கம், முதுகு, கை, எல்லா இடத்திலும் சேறு. புல் உரசிய கறை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. அப்பாவிடம் கொடுக்காமல் நானே தொட்டியில் இறங்கினேன். அடிக்க மனம் வரவில்லை. கையால் கசக்கிக் கசக்கித் துவைத்தேன். கழுத்துப் பட்டையில் வாசனைத் தைலம் வந்தது. கடைசி ஆட்டத்துக்கென்று இவரும் தலைக்குப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மூக்குக்குத் தெரிந்துவிட்டது. மனதுக்குத்தான் தெரியவில்லை.

சாயங்காலம் சரபத் கடையில் மூன்று பேரும் கூடினார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு மேசையில் நின்றேன்.

"ஜெயிச்சு என்னா பிரயோஜனம்," என்றார் கண்டக்டர். அவர் குரல் அன்று தாழ்ந்தே இருந்தது. "அந்தப் புள்ளயப் பாத்தியாய்யா? பெஞ்சுல பனியனோட உட்கார்ந்திருந்தான்."

"என்னா வாப்பா சொல்ற?" என்றார் பாய்.

"மச்சானோட சட்டை கருகிப் போச்சாம். 'உன்னுத கழட்டிக் குடு'ன்னுட்டாங்க. கூட்டம் பூரா பாக்குது. அவன் கழட்டிக் குடுத்துட்டு உட்கார்ந்துட்டான். மேட்சுக்கு முன்னாடி போட்டோ எடுத்தாங்கள்ல, அதுக்கும் கூப்புடல. சட்டை இல்லாதவன எப்புடி நிக்க வைக்கறது?"

பாய் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். நான் இஸ்திரிப் பெட்டியை மேசையில் வைக்காமல் கல்லில் வைத்தேன். அந்தப் பழக்கம் மட்டும் கைக்கு இருந்தது. கொடியில் பன்னிரண்டு காய்ந்துகொண்டிருந்தது. நான் மணிக்கணக்காகக் கசக்கித் துவைத்தது அந்த மச்சானின் வியர்வையை.

திங்கட்கிழமை மத்தியானம் அவர் வந்தார். இரண்டு சட்டை, ஒரு கால்சட்டை, முன்பே வெளுக்கப் போட்டிருந்த அவருடைய சொந்தத் துணி. வாங்கிக்கொண்டு அன்றிரவு ரயிலில் கிள்ளானுக்குப் போகிறாராம். அப்பா எழுந்து நின்று, "தம்பி, எங்களாலதான் உங்களுக்கு..." என்று தொடங்கினார்.

"ஐயோ, விடுங்கண்ணே. கை தவறுறது யாருக்கும் வர்றதுதான்," என்றார் அவர். அப்பாவுக்கு ஆறுதல் சொல்கிறார்!

"அதுக்காக ஊருக்குப் போகணுமா தம்பி? அடுத்த வருஷம் ஆடலாமே."

அவர் துணிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "பதினோரு பேர்ல ஒருத்தனா இல்லாம இருக்கறது பழகிருச்சுண்ணே. பன்னெண்டாவது ஆளாவும் இல்லைன்னா, நான் எதுக்கு இங்க?" என்றார்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். நான்தான் வேண்டுமென்றே வைத்தேன், நீங்கள் ஆட வேண்டும் என்று வைத்தேன். தொண்டை வரை வந்தது. அப்பா பக்கத்தில் நின்றார். சொன்னால் அடுத்த கேள்வி, ஏன் என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்து, "வர்றேங்க," என்றார். ஊருக்குப் போகிறவர் அப்படித்தானே சொல்வார். நான் அதை நிஜமாக நினைத்துப் பல வெள்ளிக்கிழமைகள் சந்தின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பருவம் தொடங்கும்போதுதான் கிராணி வாயைத் திறந்தார். மச்சான் அந்தக் கடைசி ஆட்டத்தோடு ஓய்வு பெறுவது முன்பே முடிவானதாம். பத்து வருஷம் ஆடியவரை மரியாதையாக முழுப் பருவமும் ஆடவிட்டு வழியனுப்ப வேண்டும் என்றுதான் பேச்சாம். "அடுத்த வருஷத்துலேருந்து லெஃப்ட்டு அவன்தான்னு கமிட்டியில எழுதியே வச்சிருந்தோம். மேட்சு முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தோம். அதுக்குள்ள ரோஷப்பட்டுப் போயிட்டான். மூணு லெட்டர் போட்டாச்சு, பதிலே இல்ல."

"அந்தச் சட்டைய மட்டும் கழட்டச் சொல்லாம இருந்திருக்கலாம்லா," என்றார் கண்டக்டர்.

"அந்தச் சட்டை மட்டும் கருகாம இருந்திருக்கலாம்," என்றார் பாய். எங்கள் கடைப் பக்கம் பார்க்காமல்தான் சொன்னார். எனக்குத்தான் பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது.

நான் சும்மா இருந்திருந்தால் அவர் இருந்திருப்பார். இவ்வளவுதான் என் கதை. அதன் பிறகு அவர் எங்கேயாவது ஆடினாரா, கல்யாணம் செய்துகொண்டாரா, எதுவும் தெரியாது.

அப்பா காலத்துக்குப் பிறகு கடை போயிற்று. எனக்குத் துறைமுகத்தில் வேலை பார்த்தவரோடு கல்யாணமாகி, குவீன்ஸ்டவுனில் பல வருஷம் இருந்தோம். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். அவரிடமும் இதைச் சொன்னதில்லை. பாய் கடையை மூடியபோது அங்கே மாட்டியிருந்த அந்தக் கடைசி ஆட்டத்துக் குழுப் படத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். "நீ ஒரு மேட்சுகூடப் பாத்ததில்லையேம்மா," என்றார். "எங்க கடையில வெளுத்த சட்டைங்க பாய்," என்றேன்.

இப்போது தெம்பனிஸ் வீட்டு நடுக்கூடத்தில் அது இருக்கிறது. பதினொரு பேர், எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பச்சைச் சட்டை. கறுப்பு வெள்ளைப் படத்தில் சாம்பலாகத் தெரியும். எண் முதுகில் இருப்பதால் யார் எந்த எண் என்று படத்தில் தெரியாது. ஆனால் கடைசியில் நிற்பவரின் நெஞ்சில், நீளத்தில் ஒன்றும் குறுக்கே ஒன்றுமாக இரண்டு கோடு அழுத்தமாக விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை நான் தேய்த்தது.

வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தின் முன்னால் நின்று, "இதுல யாரும்மா உங்க சொந்தக்காரர்?" என்று கேட்பார்கள்.

"அவர் இதுல இல்ல," என்பேன்.